அடம் பிடிப்பது குழந்தையா, அட்டவணையா?

நவம்பர் பிறந்தால் போதும். லண்டன், டப்ளின், ஆம்ஸ்டர்டாம் என்று ஆன்சைட்டில் குடும்பத்தோடு இருக்கிற நம்ம ஊர் அப்பாக்களின் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் முளைத்துவிடும். பெயர் ‘கிறிஸ்துமஸ் டிரிப்’. முதல் நாள் நியூரம்பெர்க், ரெண்டாம் நாள் ரோதன்பர்க், மூணாம் நாள் மியூனிக், அன்றைக்கு ராத்திரியே ரிட்டர்ன் ஃப்ளைட். விமானம் இவ்வளவு, ஹோட்டல் இவ்வளவு, ரயில் இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கும். கூட வருகிற ஒண்ணரை வயசு வாண்டுக்கும் மூணு வயசு வாண்டுக்கும் தனித்தனி வரிகூட இருக்கும். அந்த வரிகளில் முக்கால்வாசி இடத்தில் பூஜ்யம்.

கணக்கில் தப்பு இல்லை. ஆறு வயசு ஆகாத பிள்ளைகளுக்கு ஷெங்கன் விசா கட்டணம் கிடையாது (பெரியவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ). ஜெர்மன் ரயிலில் ஆறு வயசுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ரெண்டு வயசு நிறையாத குழந்தை விமானத்தில் அம்மா மடியிலேயே வந்துவிடும், பெரியவர் கட்டணத்தில் ஒரு சின்னப் பங்கு கட்டினால் போதும். ஹோட்டல்காரனும் தொட்டிலுக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. ஆக, பூஜ்யம்.

ஆனால் பாருங்க, செலவுப் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதப்பட்ட அந்த ரெண்டு பேர்தான் மூணு நாளும் எப்போது சாப்பிடுவது, எப்போது ரூமுக்குத் திரும்புவது, யார் எங்கே நிற்பது என்று சகலத்தையும் முடிவு செய்யப் போகிறவர்கள். நிறுவனத்தில் ஓட்டுரிமை முழுக்க வைத்திருக்கிற பங்குதாரரைக் கூப்பிடாமலே ஆண்டுக்கூட்டம் நடத்தி முடித்த மாதிரி இருக்கிறது இந்தத் திட்டம். அப்புறம் அந்தப் பங்குதாரர் நடு ரோட்டில் படுத்துப் புரண்டு அழுதால், “சரியான அடம்” என்று பட்டம் வேறு!

அடம் குழந்தையிடம் இல்லை. அட்டவணையில் இருக்கிறது. நியூரம்பெர்க் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே இது புரிந்துவிடும்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிற இந்த ஊரின் கிறிஸ்துமஸ் சந்தை உலகப் பிரசித்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாவது ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தொடங்கி, டிசம்பர் 24 மதியத்தோடு முடியும். ஊர் நடுவில் ஹவுப்ட்மார்க்ட் என்கிற சதுக்கம், அதில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரையோடு வரிசை வரிசையாக மரக்கடைகள், பின்னால் பழைய தேவாலயம். மாலை விளக்கு போட்டதும் பார்க்கக் கோடி கண் வேண்டும். ஃபோட்டோக்களில் வருவதெல்லாம் அந்த நேரத்துக் காட்சிதான். அதனால் எல்லா எக்செல் ஷீட்டிலும் ‘மாலை 5 முதல் 8 வரை: சந்தை’ என்று இருக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு போடுவோம். பணக்கணக்கு இல்லை, மணிக்கணக்கு.

டிசம்பர் நடுவில் நியூரம்பெர்க்கில் காலை எட்டு மணி வாக்கில்தான் விடிகிறது. நாலேகாலுக்கெல்லாம் சூரியன் காணாமல் போய்விடும். பகல் என்பதே சுமார் எட்டு மணி நேரம். ஒன்று, ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்கவியல் மருத்துவர்கள், பகல் தூக்கத்தையும் சேர்த்து. அந்தப் பகல் தூக்கம் சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ. காலையில் எழுப்பி, பால் கொடுத்து, டயப்பர் மாற்றி, மூணு அடுக்கு உடுப்பு மாட்டி, ஷூ மாட்டி, மாட்டின ஷூவை அது கழற்றி எறிய, மறுபடி மாட்டி வெளியே வரும்போது மணி பத்து. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மூணு மணிக்குத் தூங்கி எழுந்தால், நாலரைக்குள் இருட்டு, குளிர்.

ஆக ஒரு முழு நாளில் கையில் இருப்பது காலையில் ரெண்டு, ரெண்டரை மணி நேரம், மதியத்துக்கு மேல் ஒண்ணரை மணி நேரம். வந்து இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் பாதிப் பாதி. மூணு நாள் டிரிப்பில் குழந்தை சிரித்த முகத்தோடு இருக்கக்கூடிய நேரம் மொத்தம் எட்டு மணி நேரம் தேறினால் அதிர்ஷ்டம். கையிருப்பு இவ்வளவுதான். பத்தாயிரம் ரூபாய் கையில் வைத்துக்கொண்டு முப்பதாயிரத்துக்குச் சாமான் லிஸ்ட் போடுகிறவரை யாரும் திட்டமிடத் தெரிந்தவர் என்று சொல்வதில்லை. எட்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு மூணு நகரம் போடுகிறவரை மட்டும் ‘சூப்பரா பிளான் பண்ணியிருக்காருப்பா’ என்கிறார்கள்.

சென்னையிலிருந்தே நேராகக் கிளம்புகிற குடும்பங்களின் கதை இன்னும் மோசம். குளிர்காலத்தில் ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நியூரம்பெர்க்கில் விளக்கு எரிய ஆரம்பிக்கிற நாலேகால் மணி, குழந்தையின் உடம்புக்கு ராத்திரி எட்டே முக்கால். வழக்கமாகத் தூங்குகிற நேரம். காலை ஆறு மணிக்கு எழுகிற குழந்தை அங்கே நடு ராத்திரி ஒண்ணரைக்கு எழுந்து உட்கார்ந்து “அப்பா, வெளியே போலாம்” என்று சொல்லும். உடம்புக் கடிகாரம் ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் என்பது பொதுவான கணக்கு. நாலு நாள் பயணத்தில் அது சரியாகிற அன்றைக்குத் திரும்பி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். இதில் ‘மாலை 5 முதல் 8 வரை சந்தை’ என்று எழுதுவது, நம்ம ஊரில் ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்குகிற குழந்தையை எழுப்பி நடக்க வைத்து நள்ளிரவு பன்னிரண்டரை வரை கடைத்தெருவில் சுற்றுவதற்குச் சமம். ஊரில் இருக்கும்போது யாராவது இப்படிச் செய்வார்களா?

சரி, எப்படியோ தூங்காமல் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே குழந்தை என்ன பார்க்கிறது? பெரியவர்களுக்குத் தெரிவது விளக்கும் தேவாலயமும். முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஆளுக்குத் தெரிவது கறுப்புக் கோட்டுகளின் பின்பக்கம், தோள்பைகள், ஷாப்பிங் கவர்கள், முழங்கால்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் நாலு பக்கமும் அதேதான். அந்தக் கோட்டுக்காரர்கள் கையில் இருப்பது க்ளூவைன், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கின ஒயின். பெரியவர் கையைத் தொங்கப் போட்டால் அந்தச் சூடான கோப்பை சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்துக்கு வருகிறது. வாசனை தூக்கலாக வரும் சர்க்கரைப் பாகு பாதாம் வாங்கிக் கொடுக்கலாம் என்றால், ஐந்து வயசுக்குக் கீழே முழுக்கொட்டை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும் என்பது பிரிட்டனின் என்.எச்.எஸ் சொல்லும் அறிவுரை.

குளிர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. ஸ்ட்ரோலரைத் தள்ளுகிற அப்பாவுக்குக் கல் பாவின தெருவில் தள்ளித் தள்ளி வியர்க்கும். “அவ்வளவு குளிர் இல்லையே!” என்பார். உள்ளே அசையாமல் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? தள்ளுகிறவருக்குத் தெரிகிற குளிர் வேறு, உட்கார்ந்திருப்பவர் அனுபவிக்கிற குளிர் வேறு. உட்கார்ந்திருப்பவருக்கு அதைச் சொல்ல வார்த்தை தெரியாது. அழத்தான் தெரியும். அழுகிறது.

அடுத்தது அந்த ரெண்டாவது, மூணாவது ஊர்கள். நியூரம்பெர்க்கிலிருந்து மியூனிக் வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ‘அவ்வளவுதானா’ என்று தோன்றும். ரூமைக் காலி செய்வது, ஸ்டேஷனுக்குப் போவது, லிஃப்ட் தேடுவது, பிளாட்ஃபாரத்தில் நிற்பது, அங்கே இறங்கி லக்கேஜ் வைக்க லாக்கர் தேடுவது எல்லாம் சேர்த்தால் அரை நாள். ரோதன்பர்க்குக்கு நடுவில் ரயில் மாற வேண்டும், ஸ்ட்ரோலர், பெட்டி, தூங்குகிற குழந்தை மூணையும் தூக்கிக்கொண்டு. இருப்பதே எட்டு மணி நேரம். அதில் பாதியை ஸ்டேஷன்களுக்குத் தாரை வார்த்துவிட்டு அங்கே போய்ப் பார்ப்பது என்ன? அதே மரக்கடை, அதே க்ளூவைன், அதே கறுப்புக் கோட்டு. மூணு வயசுக் குழந்தைக்கு மியூனிக் சந்தைக்கும் நியூரம்பெர்க் சந்தைக்கும் வித்தியாசம் தெரியும் என்று நினைப்பவர்கள் கை தூக்கலாம் :-)

காமர்ஸ் படிக்கிற பசங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. செலவழித்துத் திரும்ப வராத பணத்தை, அடுத்த முடிவு எடுக்கும்போது கணக்கில் சேர்க்கக் கூடாது. இதை உலகத்திலேயே அதிகமாக மீறுகிறவர்கள் டிரிப் போன அப்பாக்கள்தான். “டிக்கெட் எடுத்தாச்சு, போயே ஆகணும்.” பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது, வெளியே மைனஸ் ரெண்டு. ஆனாலும் டிக்கெட் எடுத்தாச்சு. அந்த டிக்கெட் பணம் ரூமில் இருந்தாலும் போனதுதான், ரயிலில் ஏறினாலும் போனதுதான். ஏறினால் கூடுதலாகப் போவது குழந்தையின் உடம்பும் மறுநாள் பொழுதும்.

இதையெல்லாம் வெறும் சௌகரியக் குறைச்சல் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தத் திட்டத்தின் கடனை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வராது. ஆறு மணி, நடுச்சந்தை, குழந்தை கதறுகிறது. அப்பா கேமராவை உள்ளே வைத்துவிட்டு முதலில் பார்ப்பது அம்மாவின் முகத்தை. “மதியம் ஒழுங்கா தூங்க வெச்சியா?” “எப்பவும் தூக்கியே பழக்கிட்டே.” அம்மா ரூமில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர், ரெண்டு இரவு சரியாகத் தூங்காதவர், கையில் டயப்பர் பையோடு நிற்பவர். அவருக்கும் அது விடுமுறை என்றுதான் ஷீட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் தொடையில் சுள்ளென்று ஒரு அடி விழும். வெளிநாட்டில் இருக்கிறோம் என்கிற பயத்தில் சத்தமில்லாமல் விழும். திட்டம் போட்டவருக்கு ஒரு சேதமும் இல்லை. ‘குழந்தைங்களை வெச்சுக்கிட்டு எங்கேயும் போக முடியலை’ என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு நியாயமில்லாதது. ஒரு நாளில் தாங்கக்கூடியது எவ்வளவு என்று குழந்தை பிறந்த நாளிலிருந்து தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும், தோளில் தலை சாய்க்கும். அதைப் படிக்கத் தெரிந்த வீட்டில் அட்டவணையை மட்டும் ஊர்பேர் தெரியாத எவரோ எழுதின ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ பட்டியலைப் பார்த்து எழுதுகிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் பதில்கள் மூணு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

“அந்த வயசுல அதுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எங்களுக்காகத்தான் போறோம்.” நேர்மையான பதில், பாராட்டலாம். ஞாபகம் இருக்காது என்பது உண்மையும்கூட. ஆனால் ஞாபகம் இருக்காது என்பதற்காக அன்றைக்குக் குளிராமல் போகுமா, கால் வலிக்காமல் போகுமா? தங்களுக்காகத்தான் போகிறார்கள் என்றால் வேறு நேர்மையான வழி இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு ரூமில் இருக்க, மற்றவர் ஆசை தீர விளக்கு பார்த்துவிட்டு வரலாம். மறுநாள் மாறிக்கொள்ளலாம். இப்படி முறை போட்டுக்கொள்ள மட்டும் ஏனோ பல ஷீட்டுகளில் இடம் இருப்பதில்லை.

“எங்க காலத்துல எங்களைத் திருவிழாவுக்குத் தூக்கிட்டுப் போகலையா?” போனார்கள். ராத்திரி முழுக்கத் தேர் பார்த்த குழந்தைகள் உண்டு. ஆனால் அங்கே மைனஸ் ரெண்டு கிடையாது. தூக்கம் வந்தால் படுக்கக் கோயில் மண்டபம் இருந்தது, பக்கத்தில் அத்தை வீட்டுத் திண்ணை இருந்தது. ஒரு குழந்தைக்கு ஆறு மடி இருந்தது. பாட்டி கை வலித்தால் சித்தி, சித்தி கை வலித்தால் மாமா. முக்கியமாக, அடுத்த ஊர்த் தேருக்கு மறுநாள் காலை ஏழரைக்கு ரயில் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்போ பிள்ளை வளர்ற வரைக்கும் வீட்டிலேயே கிடக்கணுமா?” மூணில் இதுதான் மோசமான பதில். இதைச் சொல்கிறவர்களைவிட, ‘ஆமா, கிடக்கணும்’ என்று ஒத்துப்போகிறவர்கள் இன்னும் மோசம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள், அதிலும் அம்மாக்கள், ரெண்டு மூணு வருஷம் நாலு சுவருக்குள் இருந்தால்தான் பொறுப்பானவர்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாராளமாகப் போகலாம். போகிற ஊரில் குழந்தைக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே.

நியூரம்பெர்க்கில் அது நிறையவே இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல். பெரிய சந்தைக்குப் பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் குழந்தைகளுக்கென்றே தனிச் சந்தை நடக்கிறது. ரெண்டு மாடி ராட்டினம், குட்டி நீராவி ரயில், சின்ன ஜெயன்ட் வீல், பிஸ்கட் சுடக் கற்றுக்கொடுக்கிற கடை எல்லாம் உண்டு. கடைகள் காலை பத்து மணிக்கே திறக்கின்றன. வார நாள் காலையில் போனால் கூட்டம் கம்மி, ஸ்ட்ரோலரை நிம்மதியாகத் தள்ளலாம். குடிக்க மது கலக்காத ‘கிண்டர்புன்ஷ்’ இருக்கிறது, ஆற வைத்துக் கொடுக்கலாம். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஹவுப்ட்மார்க்ட் தேவாலயத்துக் கடிகாரத்தில் பொம்மைகள் வெளியே வந்து பேரரசர் நாலாம் கார்லைச் சுற்றிவரும். 1356-ல் அவர் போட்ட ஒரு பேரரசுச் சட்டத்தின் ஞாபகார்த்தம் அது. குழந்தைக்கு அந்தச் சரித்திரம் எதற்கு, பொம்மை சுற்றுகிறது, போதும். சில நிமிஷம்தான், காசும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் தூங்கும் நேரத்துக்கு ரூமில் இருக்கலாம்.

மழையா, பனியா? ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7-ஆம் தேதி ஓடினது இந்த ஊரிலிருந்து பக்கத்து ஃபூர்த்துக்குத்தான். அதனால் இங்கே ஒரு ரயில் மியூசியம் இருக்கிறது, அதற்குள் சின்னப் பிள்ளைகள் விளையாடத் தனிப் பகுதியும் இருக்கிறது. பொம்மை மியூசியம் ஒன்றும் உண்டு. இதெல்லாம் வேண்டாம் என்றால் மெட்ரோவில் ஏறினாலே போதும். 2008-ல் ஓடத் தொடங்கிய யூ3 தடத்தில் டிரைவர் கிடையாது. முன் கண்ணாடி பக்கத்தில் நின்றால் சுரங்கம் முழுக்கக் கண்ணுக்கு நேரே வரும். மூணு வயசுப் பையனுக்கு அதைவிட எந்தத் தேவாலயமும் பெரிதில்லை. ஆறு வயசுக்குள் அங்கேயும் டிக்கெட் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து ஊர் நடுவுக்கும் மெட்ரோதான், கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆக நல்ல ஷீட் எப்படி இருக்கும்? ஊர் ஒன்று. ஹோட்டல் ஒன்று, சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கூடுதல் பணம் மியூனிக் ரயில் டிக்கெட்டில் மிச்சமாகிறது. காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு சின்ன வேலை. மதியம் ஒன்றிலிருந்து மூணு வரை ‘தூக்கம்’ என்று எழுதி, அந்தக் கட்டத்துக்கு மட்டும் கலர் அடித்து வைக்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது. விளக்கு பார்க்க நாலேகாலிலிருந்து ஐந்து வரை முக்கால் மணி நேரம் தாராளம். இருட்டினதும் விளக்கு எரிகிறதே, எட்டு மணி விளக்கும் அதே விளக்குதானே?

தேதி விஷயத்திலும் கொஞ்சம் கண் வேண்டும். நம்ம ஊர்ப் பள்ளி அரையாண்டு லீவை நம்பி 24-ஆம் தேதி மாலை போய் இறங்கினால், கடைக்காரர்கள் மூட்டை கட்டி முடித்திருப்பார்கள். அன்று மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், 25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் ஜெர்மனியில் கடைகள் பொதுவாகத் திறப்பதில்லை, பாலும் டயப்பரும் சனிக்கிழமையே வாங்கி வைத்தால் பிழைத்தார்கள். இல்லையென்றால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகளைத்தான் தேடி ஓட வேண்டும். வழியில் டயப்பர் மாற்ற ‘டிஎம்’ என்கிற சங்கிலிக் கடைகளில் மேஜை வைத்திருக்கிறார்கள், டயப்பரே இலவசமாகவும் கிடைக்கும்.

இப்படிப் போட்டால் மூணு ஊர் பார்த்தோம் என்று ஆபீஸில் சொல்ல முடியாது, உண்மைதான். ஆல்பத்தில் மியூனிக் இருக்காது. ராட்டினக் குதிரை மேல் உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்று கத்துகிற ஒரு குழந்தையின் ஃபோட்டோ இருக்கும். அது அடம்தான், ஒத்துக்கொள்ளலாம். இன்னொரு ரவுண்டுக்குக் காசு கொடுத்துவிடுங்கள் :-)